மாவிஸின் குக்கரில் வெந்த புகையிலை

இலையிலே பசுமையாகவும், அடுப்பிலே அனலாகவும், அனல் பட்ட நீரிலே ஆவியாகவும், இல்லாளின் நாசியிலே மோப்பமாகவும் எழுந்தருளி, மனிதன் எதை எங்கே ஒளித்தாலும் அவனுக்கு முன்பே அங்கே போய் அமர்ந்திருக்கும் பரம்பொருளின் திருவடி முதலில் வணக்கத்துக்குரியது.

அந்தப் பரம்பொருள் கென்டக்கி மாநிலத்துச் சிடர் ஃபோர்க் என்னும் சிற்றூரிலும் இருக்கிறது என்பதைக் கிளைட் ஹாப்சன் ஒரு புதன்கிழமை மறந்துபோனார். கதை அவ்வளவுதான். மறந்ததற்கு அவர் செலுத்திய காணிக்கைதான் சற்று நீளம்.

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் கிளைட். இனிமேல் கடைப் புகையிலையைத் தொடுவதில்லை, தம் பைப்பில் தம் கையால் விளைவித்த இலையைத் தவிர வேறெதுவும் எரியக்கூடாது என்று அந்த வசந்தத்தில் அவர் ஒரு விரதம் பூண்டார். கொட்டகைக்குப் பின்னால், தக்காளிப் பாத்திக்கும் கோழிக்கூண்டுக்கும் நடுவே, ஒரு வரிசை பர்லி ரகப் புகையிலை நட்டார். காலையில் அதனோடு பேசினார். மாலையில் அதற்குப் புழு பொறுக்கினார். இத்தனை வருட இல்லறத்தில் தம் முகத்தை அவர் இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை என்று அவர் மனைவி மாவிஸ் அம்மையார் சமையலறை ஜன்னல் வழியாக ஒருமுறை குறிப்பிட்டார்.

இலையுதிர்காலம் முடிவதற்குள் கொட்டகை உத்திரத்தில் தொங்கிய இலைகள் பழுப்பேறிப் பக்குவமாயின. ஆனால் கிளைடின் நாக்கு கேட்டது பழுப்பை அன்று, கறுப்புக் கேவண்டிஷ் என்னும் பதப்படுத்திய புகையிலையை. இலையின் நடுநரம்பை உரித்து, ஈரம் தெளித்து, கண்ணாடிப் பாட்டில்களில் இறுக அடைத்து, அரைநாள் ஆவியின் அழுத்தத்தில் வேகவைத்தால், இளமையில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தவர் பேரன் பேத்தி எடுத்தபின் கனிவதுபோல, காரமெல்லாம் போய்க் கன்னங்கரேலென்று இனித்துக் கிடக்கும். அதற்கு வேண்டியது ஆளுயரப் பொறுமையும் அகலமான பிரஷர் குக்கரும்.

அந்த வீட்டில் அத்தகைய குக்கர் ஒன்றே. அது மாவிஸ் அம்மையாருடையது. ஆண்டுதோறும் பீன்ஸும் பீச் பழமும் அதில் வெந்து, பாட்டிலுக்குள் புகுந்து, மாவட்டச் சந்தையில் முதல் பரிசான நீலநாடா வாங்கி வரும். நாடாக்கள் அடுப்புக்கு மேலே வரிசையாகத் தொங்கின. வேலை முடிந்ததும் குக்கரைக் கழுவித் துடைத்து மெத்தென்ற துணியில் சுற்றி வைப்பார் அம்மையார். கிளைடை யாரும் அப்படிச் சுற்றி வைத்ததில்லை.

“மாவிஸ், உன் குக்கரை ஒரு நாள் கொடேன்.”

“எதுக்கு?”

“சும்மா. இலையைக் கொஞ்சம் ஆவில வைக்கலாம்னு.”

“அதுல என் பீன்ஸ் வேகுது. உன் புகையிலை அதுல வெந்துச்சுன்னா, மொத்த இலையும் குப்பை எரிக்கிற பீப்பாய்க்குப் போகும். நீ கொட்டகைக்குப் போவ.”

“நல்லாக் கழுவி வெச்சிடுவேன்மா.”

“என் கேக் சட்டியில கார் எண்ணெயைப் புடிச்சப்பவும் இதையேதான் சொன்ன.”

ஒரு கோடை முழுதும் வளர்த்த இலை. அதைப் பீப்பாயில் எரிய விடக் கிளைடுக்கு மனமில்லை. ஆகவே அவர் சண்டையிடவில்லை, காத்திருந்தார். புதன்கிழமை தேவாலயச் சபையின் மாதர் மிஷன் சங்கம் கூடும். ஒட்டுத்துணிப் போர்வை தைப்பார்கள். பொழுது சாயும்வரை ஒருவரும் வீடு திரும்பமாட்டார்கள்.

அம்மையாரின் கார் வளைவில் மறைந்தது. குக்கர் துணியிலிருந்து வெளிப்பட்டது. ஏழு பாட்டில்கள் உள்ளே இறங்கின. ஆவி கிளம்பியது. தலைமேல் இருந்த வெயிட் ஆடத் தொடங்கியது. முதலில் நனைந்த கொட்டகையின் வாசம் வந்தது. பிறகு புதுரொட்டியின் வாசம். மதியம் தாண்டியதும் திராட்சையும் பிளம்ஸும் ஒருசேரக் கனிந்த ஒரு தெய்விக மணம் வீடெங்கும் பரவிற்று. கிளைட் கண்களை மூடி அதில் லயித்திருந்தார்.

அப்போது வாசலில் ஒரு கார் நின்றது. பிறகு இன்னொன்று.

சபை மண்டபத்தில் சூடேற்றும் இயந்திரம் நின்றுபோனதாம். குளிரில் ஊசி பிடிக்க விரல் மடங்கவில்லையாம். எனவே மாதர் சங்கம் தையல் சட்டத்தோடு மாவிஸ் வீட்டுக்கே வந்து இறங்கியது. முன்னே வந்தவர் மூப்பரின் மனைவி ஈதெல். பின்னே வந்த மாவிஸ் அம்மையார் வேலிக்கதவருகே ஒரு கணம் நின்றார். மூக்கு ஒருமுறை விரிந்து சுருங்கியது.

“என்ன வாசனை இது, பிரதர் கிளைட்?” என்றார் ஈதெல். “உள்ள வந்ததுமே பசிக்குது.”

“ஜாம்,” என்றது கிளைடின் வாய், அவரைக் கேளாமலே. “பிளம்ஸ் ஜாம்.”

“நவம்பர்ல பிளம்ஸா?” என்றார் மாவிஸ் சாந்தமாக.

“உலர்ந்தது. கடையில வாங்கினேன்.”

“யாருக்கு?”

கிளைடின் கண்கள் சுவரில் அலைந்தன. அங்கே நாட்காட்டியில் வருகிற ஞாயிறைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது. புதிதாகப் போதகர் ஒருவர் வந்து குடியேறினால், வீட்டுக்கு ஒரு பவுண்டாவது உணவுப்பண்டம் கொண்டுபோய் அவருடைய அலமாரியை நிரப்புவது அந்த ஊர் வழக்கம். அந்த நாளுக்குப் பவுண்டு ஞாயிறு என்று பெயர்.

“புதுப் பாஸ்டருக்கு,” என்றார் கிளைட்.

மாதர் சங்கம் உருகிப்போயிற்று. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இந்தக் குக்கர்ல ஏழு பாட்டில் புடிக்குமே, ஏழுமா?” என்று வியந்தார் ஈதெல்.

கிளைட் ஒன்று என்று சொல்ல வாயெடுத்தார். மாவிஸ் முந்திக்கொண்டார். “ஏழும்தான். கடவுளோட ஊழியக்காரருக்கு அரைகுறையாக் கொடுக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. இல்ல, கிளைட்?”

“கிடையாது,” என்றார் கிளைட்.

“ஒரு கரண்டி ருசி பார்க்கலாமே.”

“வேண்டாம் ஈதெல்,” என்றார் மாவிஸ். “அவருக்குன்னு மூடி வெச்சதை நாம திறக்கக்கூடாது.”

எல்லாத் தலைகளும் ஆமோதித்தன. பிறர் மூடிய பாட்டிலைத் திறக்கும் பெண் அந்த மாவட்டத்தில் இன்னும் பிறக்கவில்லை. கிளைட் மனத்துக்குள் தோத்திரம் செய்தார். ஆனால் மாதர் சங்கம் போகவில்லை. சட்டத்தைச் சமையலறையிலேயே விரித்து, அடுப்பின் இதத்தில் தைக்கத் தொடங்கியது.

“சர்க்கரை எவ்வளவு, பிரதர்?”

“கண்ணளவுதான்.”

“எலுமிச்சம்பழம்?”

“இருக்கு.”

“பட்டை, கிராம்பு?”

“இல்லைங்க, இலை மட்டும்தான்.”

ஊசிகள் நின்றன. “என்ன இலை?”

“பிரிஞ்சி இலையா இருக்கும்,” என்றார் மாவிஸ், தையலிலிருந்து தலை தூக்காமல். ஊசிகள் மறுபடி ஓடின.

விருந்தினர் போனபின் அம்மையார் ஒன்றும் கேட்கவில்லை. “குக்கரைக் கழுவி வெச்சிடு,” என்று மட்டும் சொன்னார். மனைவி கத்தினால் கணவனுக்குப் பதில் சொல்ல வழியுண்டு; பேசாவிட்டால் பதிலை எங்கே வைப்பது? கிளைட் ஏழு பாட்டில்களையும் நிலவறையில் உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டு, மறுநாள் காலை அடுத்த பண்ணை டெல்பர்ட் வீட்டுக்கு ஓடினார். டெல்பர்ட் தனிக்கட்டை.

“உண்மையைச் சொல்லிடேன்,” என்றார் டெல்பர்ட்.

“இலை பீப்பாய்க்குப் போயிடும்.”

“அப்ப ஜாம் பண்ணு.”

“எனக்குத் தெரியாது. உனக்கு?”

“எனக்கு முட்டை வேகவைக்கத் தெரியும். எல்லா நாளும் இல்ல.”

ஊர்க்கடையிலிருந்த உலர்பிளம்ஸ் முழுவதும் டெல்பர்ட் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. முதல் சட்டி கரியாயிற்று. அதைத் தூக்கி எறிந்த இடத்துக்குப் பன்றிகூட வரவில்லை. இரண்டாவது சட்டி கஞ்சியாயிற்று. அன்றிரவு உணவின்போது மாவிஸ் கணவரின் கையைக் கவனித்தார்.

“விரலெல்லாம் ஏன் ஊதாவா இருக்கு?”

“டெல்பர்ட் வீட்டுக் கதவுக்குப் பெயிண்ட் அடிச்சோம்.”

“ஊதாவிலயா?”

“அவன் ரசனை அப்படி.”

“மீசையிலயும் இருக்கே. பெயிண்ட் இனிப்போ?”

கிளைட் மீசையைத் துடைத்தார். அம்மையார் ரொட்டிக்கு வெண்ணெய் தடவியபடி உப்புக்குடுவையைப் பார்த்துப் பேசினார். “பழம் முதல் நாளே ஊறணும். தீ சின்னதா எரியணும். கிண்டற மரக்கரண்டியைச் சட்டியிலேர்ந்து எடுக்கவே கூடாது. சில பேருக்கு இது தெரியறதில்ல.”

உப்புக்குடுவைக்குச் சொன்ன அந்த உபதேசத்தைக் கிளைட் வேதவாக்காகக் கொண்டு போனார். மூன்றாவது சட்டி ஜாமாயிற்று. டெல்பர்ட் ஒரு கரண்டி வாயில் போட்டுவிட்டு, தான் கல்யாணம் செய்துகொள்ளாதது தவறோ என்று முதன்முறையாக யோசித்தார்.

ஞாயிறன்று சபையின் நீள மேசையில் மாவுக்கும் காப்பித்தூளுக்கும் நடுவே ஏழு பாட்டில் பிளம்ஸ் ஜாம் வீற்றிருந்தது. ஊரே கிளைடின் முதுகைத் தட்டியது. ஆபத்து நீங்கியது, இலை பிழைத்தது. அவர் மனம் நிலவறையை நோக்கிப் பறந்துகொண்டிருந்தபோது புதுப் போதகர் டாலிவர் வந்து கையைப் பற்றினார். பற்றிய கையை விடாமல் அருகே இழுத்தார்.

“பிரதர் கிளைட், ஜாமுக்கு ரொம்ப நன்றி. அதுக்கும் நன்றி.”

“எதுக்கு, பாஸ்டர் ஐயா?”

“நேத்து சிஸ்டர் மாவிஸ் எங்க வீட்டைச் சுத்தம் பண்ண வந்தப்ப கொண்டுவந்தாங்களே, ஆறு பாட்டில். பின்வாசல்ல உட்கார்ந்து ஒரு பைப் புகைச்சேன். எனக்கு ஜெபமே வந்துடுச்சு.” போதகரின் மனைவி இந்தப் பக்கம் திரும்பவே, அவர் குரல் சட்டென்று உயர்ந்தது. “பிளம்ஸ் உடம்புக்கு ரொம்ப நல்லது.”

வீடு போய்ச் சேர்ந்ததும் கிளைட் கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் விழுந்தார்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“வேலிக்கதவுகிட்டயே. கல்யாணம் ஆகிற வரைக்கும் எங்கப்பா கொட்டகையில இலை உரிச்சவ நான். என்கிட்டயே பிளம்ஸா?”

“பாஸ்டர் புகைப்பார்னு?”

“அவங்க குடிவந்த அன்னிக்கு அவரோட ஓவர்கோட்டைத் தட்டி மாட்டினேன். பையில பைப் இருந்துச்சு.”

“தெரிஞ்சா பீப்பாய்ல போட்டிருக்கலாம். ஏன் மாவிஸ் தூக்கிக் கொடுத்த?”

“அந்தக் குக்கர்ல வெந்தது பாஸ்டருக்குன்னு நீதானே அத்தனை பேர் முன்னாடி சொன்ன. ஆண்டவர் ஆளுக்குன்னு சொன்னதை வீட்டுல வெச்சுக்கிட்டா நீ பொய்யன் ஆயிடுவ. என் புருஷனைப் பொய்யனா விட்டுடுவேனா?”

“அப்ப நான் கிண்டின ஜாம்?”

“அதுவும் நீ சொன்னதுதான். ரெண்டையும் உண்மையாக்கிட்டோம்.”

கிளைட் தலை குனிந்தார். ஒரு கோடையின் பேச்சும் புழு பொறுக்கலும் ஆறு பாட்டிலாகிப் போதகர் வீட்டு அலமாரியில் இருந்தன. அம்மையார் மாவு டப்பாவுக்குப் பின்னால் கைவிட்டு ஏழாவது பாட்டிலை எடுத்து அவர் முன்னே வைத்தார்.

“ஏழும்னு நீதானே சொன்ன?” என்றார் கிளைட், நம்பாமல்.

“ஏழும்னு சொன்னது நான். பொய் சொல்றதுல எனக்கும் ஒரு பாட்டில் பங்கு உண்டு. ஆறு பாட்டில் போனா நீ முனகுவ; ஏழும் போனா பேசாமலே உட்கார்ந்துடுவ. நீ பேசாத வீட்டுல எனக்குப் பொழுது போகாது.”

அம்மையாரே பைப்பை நிரப்பினார். அவரே தீக்குச்சி கிழித்தார். முதல் இழுப்பிலேயே கிளைடுக்குக் கண் கலங்கியது. புகையால் என்று சொல்லிக்கொண்டார். கறுப்பு இலை தேனாய் இனித்தது.

“நீ தங்கம், மாவிஸ்.”

“இருக்கட்டும். வர்ற வருஷத்திலேர்ந்து பீன்ஸு, பீச்சு, பிளம்ஸு எல்லாம் பாட்டில்ல போடறது நீதான். சங்கத்துல உன் பேரைக் கொடுத்தாச்சு.”

இதைக் கேட்டவர் இல்லத்தில் அடுப்பு அணையாதிருக்கட்டும். அவர்கள் அடைத்தவை கெடாதிருக்கட்டும். ஒளித்தவை அன்புடையோர் கையிலேயே அகப்படட்டும். கண்டுபிடித்தும் காட்டிக்கொடுக்காத துணையைப் பெற்றவர் நீடூழி வாழ்க. பெறாதவர் விரைவில் பெறுக.