கதை டாக்டரின் மஞ்சள் காகிதம்

திருச்சியில் மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர்கள் எத்தனையோ பேர். மருந்துச் சீட்டுத் தாளிலேயே நாவல் எழுதியவர் எங்கள் கதை டாக்டர் ஒருவர்தான்.

தில்லை நகரில் அவர் கிளினிக். ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ் ஏறிப் போய் அங்கே பன்னிரண்டு வருஷம் ஆயா வேலை பார்த்தேன். ஒரு நோயாளி வெளியே போனதும், "அடுத்தவங்களை ரெண்டு நிமிஷம் உட்காரச் சொல்லுங்கம்மா, கதையில ஒருத்தி வாசல்லயே நிக்கிறா" என்பார். அவள் உள்ளே வருவதற்குள் எங்கள் வாசலில் இருபது பேர் நிற்பார்கள். ஒருத்தர் கேட்டே விட்டார்: "ஏன் ஆயாம்மா, இவரு எந்த டாக்டர்கிட்ட காட்டுறாரு?"

ஆனால் ஒன்று. நோயாளி சொன்ன ஒரு சொல்லும் அவர் கதைக்குள் போகாது. அதற்கும் சண்டை வந்தது. "நாலு வருஷமா வரேன், ஒரு கதையிலயாவது என்னைப் போட்டாரா?" என்று ஒரு அம்மாள் அழுதார்.

எனக்கும் ஒரு ரகசியம் இருந்தது. எட்டாவது படித்தவள் என்று சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்தேன். கையெழுத்துப் போடுவேன், டோக்கன் நம்பர் தெரியும்; அவ்வளவுதான். மேஜையில் இடது பக்கம் மருந்துச் சீட்டு, வலது பக்கம் கதை. இடது பக்கத்துத் தாளை எடுத்து நோயாளி கையில் கொடுப்பேன். அதுதான் என் படிப்பு.

ஒரு நாள் மழை பார்க்கவென்று டாக்டர் மேஜையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். எனக்கு இடது வலதாகிவிட்டது. தூக்கமில்லை என்று வந்த வையம்பட்டிப் பெரியவர் கையில் கதையைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் அந்த ஊர் மருந்துக்கடைக்காரர் போன் பண்ணினார். "டாக்டர், 'அவள் கதவைச் சாத்தினாள், மழை விடவில்லை'ன்னு எழுதியிருக்கீங்க. இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

டாக்டர் மாத்திரைப் பெயரைச் சொல்லிப் போனை வைத்தார். கம்பவுண்டர் என் பக்கம் திரும்பினான். "எட்டாவது எந்த ஸ்கூல்ல ஆயா? கதைக்கும் மாத்திரைக்கும் வித்தியாசம் தெரியல?"

வேலை போனால் வேறு வேலை தேடலாம். பொய்க்காரி என்ற பெயரோடு எங்கே போவது?

"அவங்களை ஏன்யா கேக்குற? மேஜையைத் திருப்பினவன் நான்" என்றார் டாக்டர். "எல்லாம் வெள்ளைத் தாள். எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு. நாளையிலேருந்து கதைக்கு மஞ்சள் காகிதம்."

கண் மங்கலா? அந்த ஜன்னலில் நின்றபடி மலைக்கோட்டை உச்சியில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிச் சொல்கிற மனுஷர்! என்னிடம் அன்றைக்கும் ஒன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் வையம்பட்டிப் பெரியவர் அந்தத் தாளைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்தார். "மாத்திரையே தேவைப்படலீங்க. மருமவளைப் படிக்கச் சொன்னேன். மூணாவது வரியில தூங்கிட்டேன். இன்னும் ரெண்டு தாள் இருந்தா குடுங்களேன்."

டாக்டர் முகம் போன போக்கை எழுத எனக்கு இன்னும் படிப்பு போதாது.

அந்த மஞ்சளைப் பார்க்கப் பார்க்க எனக்கு ரோஷம் வந்தது. பஸ் போர்டுகளைக் கூட்டிக் கூட்டிப் படித்தே எழுத்துக் கற்றேன். அறுபது வயதில் நான் முதலில் எடுத்த புத்தகம் அவர் நாவல். வையம்பட்டிக்காரர் சொன்னது நிஜம்தான். ரெண்டு பக்கத்தில் கண் சொருகிவிடும். இருந்தாலும் இன்றைக்கும் என் தலைமாட்டில் இருப்பது அதுதான்.