ஸ்டேஷன் வரலாறும் ஒரே ஒரு கைதியும்

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே உன் அக்கா நலம். அவள் நலம் என்பதால் நானும் நலம். அங்கே நீ, உன் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? சரி, விசாரிக்க வேண்டியதெல்லாம் விசாரித்தாகிவிட்டது. இனி விஷயத்துக்கு வருகிறேன். கையில் டம்ளர் ஏதாவது இருந்தால் முதலில் கீழே வைத்துவிடு. உன்னை ஒரு பயங்கரக் கொள்ளைக்காரனாக்கி எழுதிவிட்டேன்.

கோபப்படாதே, முழுக்கப் படி. எங்கள் புறநகர் ஸ்டேஷனை மூடி, நகரத்துப் பெரிய ஸ்டேஷனோடு சேர்த்துவிடலாம் என்று ஊர்க் கமிட்டியில் பேச்சு. என்ன காரணம் தெரியுமா? இங்கே குற்றமே நடப்பதில்லையாம்! ஒழுங்காக வேலை பார்த்ததற்குத் தண்டனையைப் பார்த்தாயா? மூடிவிட்டால் பிள்ளையைக் காணோம் என்று பதறுகிற தாய் இரண்டு பஸ் மாறி நகரத்துக்குப் போய், டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். எனக்கும் பெரிய இடி. ரிட்டயர் ஆன பிறகும் தினம் காலையில் பேப்பர் படிக்க அங்கேதான் போகிறேன். அதுவும் இல்லையென்றால் நாள் முழுக்க உன் அக்காவின் கண்ணெதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். அது எனக்கும் ஆகாது, அவளுக்கு சுத்தமாக ஆகாது.

போன வாரம் புது இன்ஸ்பெக்டர் அம்மா என்னைக் கூப்பிட்டாள். நல்ல பெண், என் மகள் வயசுதான் இருக்கும். "ஐயா, இந்த ஸ்டேஷன் திறந்த நாள்லேர்ந்து ரைட்டரா இருந்தவர் நீங்கதான். வரலாறு எழுதிக் குடுங்க. கமிட்டிக்காரங்க கேட்டா மூடவே மனசு வரக்கூடாது. கொஞ்சம் வீரமா இருக்கட்டும்" என்றாள். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

வீரத்துக்கு நான் எங்கே போவேன், சொல்லு! எங்கள் ஜீப் தள்ளினால்தான் கிளம்பும். ஒருமுறை கோழி திருடினவனைத் துரத்தப் போய், ஜீப் நட்டநடுத் தெருவில் படுத்துவிட, ஓடிக்கொண்டிருந்தவனே பாவம் பார்த்துத் திரும்பி வந்து தள்ளிவிட்டான். அவனைப் பிடிக்கவா முடியும்? தாங்க்ஸ் சொல்லி அனுப்பினோம். இன்னொரு முறை ஸ்டேஷன் சுவர்க் கடிகாரமே திருட்டுப் போனது. ஆஹா, நமக்கும் ஒரு கேஸ் என்று சந்தோஷப்படுவதற்குள் திருடினவன் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டான். ஓடாத கடிகாரத்தை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான், பாவம். இதையெல்லாம் கமிட்டி முன்னால் வாசித்தால் ஸ்டேஷனை அன்றைக்கே பூட்டிவிடுவார்கள்.

உண்மையில் இந்த ஊரைக் கட்டிக்காத்தது அந்த பெஞ்சுதான். உனக்கும் ஞாபகம் இருக்கும், வாசல் பக்கம் கிடக்குமே, அந்த நீளமான பெஞ்சு. தச்சன் என்ன யோசனையில் இருந்தானோ, நாலு காலையும் நடுவிலேயே நெருக்கி அடித்துவிட்டான். இரண்டு முனையிலும் ஆள் இருந்தால் அசையாமல் நிற்கும். ஒருத்தர் எழுந்தால் மற்றவர் தொபுக்கடீர். மாற்றித்தரச் சொல்லலாம் என்றிருந்தபோதுதான் முதல் சண்டை வந்தது. வந்த இருவரையும் ஆளுக்கொரு முனையில் உட்கார வைத்தோம். கோபத்தில் எவன் எழுந்தாலும் அடுத்தவன் விழுகிறான். விழுந்தவன் எழுந்து வந்து மறுபடி கத்துகிறான். கடைசியில் களைத்துப் போய், "சேர்ந்து எழுந்திரிக்கலாமா?" என்று ஒருவன் கேட்டான். சேர்ந்து எழுந்தார்கள், சேர்ந்தே வீட்டுக்கும் போனார்கள். அதற்குப் பிறகு எங்களுக்கு எஃப்.ஐ.ஆர். எழுதுகிற வேலையே இல்லை. இன்றைய கமிட்டித் தலைவர் இரும்புக்கடைக்காரரும், ஸ்டேஷனை மூடச்சொல்லி ஒற்றைக்காலில் நிற்கும் பல் டாக்டரும்கூட ஒரு காலத்தில் நாய் குரைத்த தகராறில் அதில் உட்கார்ந்தவர்கள்தான்.

ஆக, எங்கள் லாக்கப்புக்குள் இதுவரை போன ஒரே மனிதன் நீதான். சைக்கிளைக் காணோம் என்று புகார் கொடுக்க வந்தாய். முதல் நாள் நீயே மறந்து விட்டுப்போன சைக்கிள் ஸ்டேஷன் சுவரில்தான் சாய்ந்திருந்தது. எடுத்துக்கொண்டு பேசாமல் போயிருக்கலாமில்லையா? "லாக்கப் உள்ள எப்படி இருக்கும்னு பார்க்கலாமா சார்?" என்று கேட்டு நுழைந்தாய், கதவு தானாகச் சாத்திக்கொண்டது, சாவியோ கல்யாணத்துக்குப் போயிருந்த பழைய இன்ஸ்பெக்டரின் சட்டைப்பையில். உன் அக்கா வந்து போட்ட சத்தம் இருக்கிறதே, அப்பப்பா! அவளை பெஞ்சில் உட்கார வைத்து, தண்ணீர் எடுத்துவர நான் எழுந்தேன், அவள் விழுந்தாள். அப்புறம் சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வரும்வரை பயத்தில் நான் எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்கே தெரியுமே, எங்கள் கல்யாணத்தில் நீதானே முதல் பந்தியில் உட்கார்ந்தாய்.

அந்தச் சம்பவத்தைத்தான் கொஞ்சம் மெருகேற்றி, மூன்று ஊரை நடுங்க வைத்த கொள்ளைக்காரன், துப்பாக்கிச் சண்டை, இரும்புக் கதவை வளைக்கப் பார்த்தான் என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கமிட்டி ஸ்டேஷனுக்கே நேரில் வருகிறது. நீ அதுவரை மீசையைத் தொடாமல், வியாழக்கிழமையே வந்துவிடு. மறுபடி பிடிபட்டவன் மாதிரி லாக்கப்பில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். யாராவது கிட்டே வந்தால் லேசாக உறுமு. முழங்காலுக்குத் தலையணை நான் தருகிறேன். உன் அக்காவிடம் மூச்சு விடாதே. உன்னை நம்பித்தான் ஒரு ஸ்டேஷனே இருக்கிறது.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள், உன் மனைவிக்கு என் அன்பு. நோய் நொடி அண்டாமல் வீடு நிறைந்து வாழுங்கள்.

உன் அன்பு அத்தான்

பி.கு.: நீ வரவேண்டாம். மீசையை எடுத்துவிடு. கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் கமிட்டி இன்றைக்கே வந்து நின்றுவிட்டது, கூடவே நகரத்து அதிகாரி ஒருவர். தலைவரும் பல் டாக்டரும் பழக்க தோஷத்தில் பெஞ்சின் இரண்டு முனையிலும் போய் உட்கார்ந்தார்கள். நான் வரலாற்றை வாசிக்கத் தொடங்கி, லாக்கப்பில் அடைபட்ட ஒரே கைதி, அந்தக் கொள்ளைக்காரன் இடத்துக்கு வந்தேன். நான் வீட்டில் மறந்துவிட்டு வந்த பணப்பையைக் கொடுக்க வந்த உன் அக்கா வாசலில் நிற்பதை நான் எங்கே கண்டேன்! "யாரு, என் தம்பியா? சைக்கிளைத் தேடி வந்த புள்ளையைப் பூட்டி வச்சுட்டு கொள்ளைக்காரனா?" என்று எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டாள். இன்ஸ்பெக்டர் அம்மாவின் முகம் செத்துப்போய்விட்டது.

பல் டாக்டர் சிரித்தார். "இருந்த ஒரே கேஸும் பொய். மூடிடலாம்" என்று சொல்லி எழுந்தவர், பாதியில் நின்று தலைவரிடம் கையை நீட்டி, "எழுந்திரிக்கலாமா?" என்றார். "ம்" என்று தலைவரும் கையைப் பிடித்துக்கொண்டார். நகரத்து அதிகாரி, "என்ன சார் இது?" என்று விழித்தார். உன் அக்கா விடவில்லை. "மண்டையை உடைச்சுக்க வேண்டிய ரெண்டு பேருங்க. இப்போ கையைப் புடிச்சுக்கிட்டு எழுந்திரிக்கிறாங்க. இதை உங்க பெரிய ஸ்டேஷன் கணக்குல எங்கே எழுதுவீங்க?" என்றாள். பல் டாக்டர் கையை விடாமலே மறுபடி உட்கார்ந்து, "சரி, இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். ஸ்டேஷனை மூடவில்லை.

எல்லோரும் போய்விட்டார்கள். பெஞ்சின் ஒரு முனையில் நான், மறுமுனையில் உன் அக்கா. "என் தம்பி திருடன் இல்லைன்னு உங்க கையாலேயே எழுதுங்க. அப்புறம்தான் எழுந்திரிக்கலாம்" என்கிறாள். எழுதிவிட்டேன்: நீ திருடன் இல்லை. அவளும் படித்துப் பார்த்துவிட்டு, "சரி, எழுந்திரிங்க" என்றாள். கொஞ்ச நேரம் போகட்டும் என்று நான்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன்.