இன்று உங்கள் பிறந்தநாள் அல்ல

தேதி இல்லாத வரியை உள்ளே விடமாட்டேன் என்று டேட்டாபேஸ் ஒரே பிடியாக நின்றது.

மெத்தைக் கடை வாடிக்கையாளர்களின் விவரமெல்லாம் இதுவரை விளம்பர மின்னஞ்சல் அனுப்பும் ஒரு வெளி நிறுவனத்திடம் இருந்தது. அங்கே ஏதாவது ஆனால் கையில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் சொந்த டேட்டாபேஸில் ஒரு நகல் ஏற்றி வைக்கும்படி, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த அவளிடம் சொல்லியிருந்தார் முதலாளி. அவளுக்கு வேலை நிரந்தரமா இல்லையா என்பதை மாலையில் சொல்வதாகவும் சொல்லியிருந்தார்.

"யாரோட பிறந்த தேதியும் நம்மகிட்ட இல்ல, அந்த இடத்துல அடம் பிடிக்குதுண்ணா," என்றாள் பக்கத்து மேசை சீனியரிடம்.

"எல்லாத்துக்கும் இன்னைக்குத் தேதியப் போட்டு ஏத்தும்மா. அப்புறம் திருத்திக்கலாம்."

ஏற்றினாள். வரிகளெல்லாம் சமர்த்தாக உள்ளே போயின. புது டேட்டாபேஸைப் பார்த்துப் பிறந்தநாள் வாழ்த்து தானாகப் போகும்படி சீனியர் முந்தின நாளே இணைத்து வைத்திருந்தார். அதைச் சொல்லத்தான் மறந்துவிட்டார்.

கடையில் மெத்தை வாங்கிய அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் பிறந்தநாள் வந்தது.

தொலைபேசி ஓயவில்லை.

"ஏம்மா, நான் என்னைக்குப் பொறந்தேன்னு எனக்குத் தெரியாதா?"

"உங்க வாழ்த்தப் பார்த்துட்டு, 'இப்படி மறந்துட்டேனே'ன்னு என் பொண்டாட்டி அழுதுக்கிட்டே போய் சட்டை வாங்கிட்டு வந்துட்டா. நல்ல சட்டை. இப்ப நான் உண்மையச் சொல்லணுமா?"

ஒரு பெண் மட்டும் தணிந்த குரலில் பேசினாள். "எங்கப்பா இப்ப இல்லைங்க. பரவால்ல. அம்மா அந்த வாழ்த்தத் திரும்பத் திரும்பப் படிச்சுக்கிட்டிருக்காங்க."

அவள் போனை மெல்ல வைத்தாள்.

"மன்னிப்புக் கேட்டு ஒண்ணு தட்டி விடு," என்றார் சீனியர். "சுருக்கமா."

சுருக்கமாகவே எழுதினாள்: 'மன்னிக்கவும். இன்று உங்கள் பிறந்தநாள் அல்ல. தவறுதலாக வாழ்த்திவிட்டோம்.'

அனுப்பிய பிறகுதான் அந்த அம்மாவின் நினைவு வந்தது. இது அவருக்கும் போயிருக்கும்.

சற்று நேரத்தில் முதலாளி அறையை விட்டு வெளியே வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. காருக்குக்கூடக் காத்திராமல் நடந்தே போய்விட்டார்.

"என் வேலை போச்சுண்ணா."

"சாருக்குக் கோபம் நாளைக்கு ஆறிடும்மா."

"ஆறும். அதைப் பார்க்க நான் இங்க இருக்கணுமே."

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது, முதலாளியின் டிரைவர் பெரிய கேக் பெட்டி ஒன்றைச் சுமந்துகொண்டு உள்ளே வந்தார்.

"இதை என்னம்மா பண்றது? வாங்கிட்டு வர்ற வழியில சார் போன் பண்ணி வேண்டாம்னுட்டார்."

"யாருக்குண்ணா கேக்கு?"

"உங்க எல்லாருக்கும்தான். அவர் வீட்டு மெத்தையும் நம்ம கடையில வாங்கினதுதானே, காலைல அந்த வாழ்த்து அவருக்கும் வந்துச்சு. 'இத்தனை வருஷத்துல புதுசா வந்த பொண்ணுக்காவது தெரிஞ்சுதே'ன்னு ஒரே சந்தோஷம்," என்றார் டிரைவர். "அவருக்கு நிஜமாவே இன்னைக்குத்தாம்மா பிறந்தநாள்."