ஓசியில் வந்த துப்புரவுக்காரன்

அன்புள்ள மைத்துனன் டெல்மருக்கு,

உன் அக்காள் புருஷன் ஆர்லின் எழுதுவது. இங்கே பனி, காற்று, நான், உன் அக்காள் மேவிஸ் எல்லோரும் வழக்கம்போல் இருக்கிறோம். அங்கே அரிசோனாவில் நீ அரைக்கால் சட்டையோடு வெயில் காய்ந்துகொண்டிருப்பாய் என்பது விசாரிக்காமலே தெரியும். இந்தக் காலத்தில் கையால் கடிதம் எழுதுகிறானே என்று சிரிக்காதே. எங்கள் கணினியை நீதான் கொன்றுவிட்டாயே.

நன்றித் திருநாளுக்கு வந்து வான்கோழியில் பாதியைத் தின்றதோடு நீ போயிருக்கலாம். வண்டியேறும்போது, “இது ரொம்ப மெதுவா ஓடுதே அக்கா, சுத்தம் பண்ண ஓசியிலேயே சாஃப்ட்வேர் கிடைக்குமே” என்று ஒரு வார்த்தை போட்டாய். அவளும் தேடினாள். உடனே திரையில் ஒரு பெட்டி குதித்து வந்து, உங்கள் கணினியில் ஆயிரத்துச் சொச்சம் கோளாறு, சரிசெய்யட்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்று அமுக்கினாள். மறுபடி கேட்டது. மறுபடி வேண்டாம் என்றாள். காப்பி தரட்டுமா என்று கேட்டால் இரண்டு தரம் மறுத்துவிட்டு, மூன்றாம் தரம் ‘சிரமம் இல்லையென்றால் அரைக் கோப்பை’ என்று வாங்கிக்கொள்கிற மினசோட்டாக்காரி அவள். மூன்றாம் தரம் கேட்டதும் சரி என்று அமுக்கிவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, “அவ்வளவு தூரம் கேக்குது, முகத்துல அடிச்ச மாதிரி எப்படிங்க மறுக்கிறது?” என்றாள். வலை விரித்த திருடனுக்கு நம் ஊர் மரியாதை தெரிந்திருக்கிறது. உனக்குத்தான் தெரியவில்லை.

வந்தவன் தனியாக வரவில்லை, குடும்பத்தோடு வந்தான். வானிலை பார்க்கத் திறந்தால் இடுப்புக் கொழுப்பைக் கரைக்கும் மாத்திரை. ஜெப நேரம் பார்க்கத் திறந்தால் சூதாட்ட விடுதி. முப்பது வருஷம் பால் கறக்கும் இயந்திரங்களைப் பழுது பார்த்தவன் நான், சும்மா விடுவேனா. முதலில் இணையக் கம்பியைப் பிடுங்கினேன். உள்ளே போய்ப் பார்த்தால் நாங்கள் கூப்பிடாத ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவனாக வெளியேற்றினேன். ஒவ்வொருவனும், நிஜமாகவே போகச் சொல்கிறீர்களா, போகுமுன் ஒரு வார்த்தை சொல்லலாமா என்று நம் சொந்தக்காரர்கள் மாதிரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அணைத்துப் போட்டால் அத்தனை பேரும் திரும்ப ஆஜர். பிறகு சேஃப் மோடில், அதாவது அரை மயக்கத்தில், திறந்து ஒரு வைரஸ் ஒழிப்பானை ஏவினேன். அது போதாதென்று இன்னொன்றையும் ஏவினேன். இரண்டும் திருடனை விட்டுவிட்டு ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. அதற்குள் திருடன் சாவகாசமாக எங்கள் கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டான்.

உன் அக்காள் இரண்டு குளிர்காலமாகத் தையல் அறையில் உட்கார்ந்து தட்டச்சு செய்த நம் சபையின் நூற்றாண்டு மலரும் அந்தப் பூட்டுக்குள் போய்விட்டது. அடுத்த மாதம் அச்சுக்குப் போகவேண்டியது. திறந்து பார்த்தால் கோழி கிளறின குப்பை மாதிரி எழுத்து. எனக்கு வயிறு எரிந்தது டெல்மர். எவ்வளவு பெரிய புத்தகம், எவ்வளவு உழைப்பு. ஓசி என்று கேட்டாலே எச்சில் ஊறும் உன் நாக்கால் எல்லாம் போச்சு.

டவுனில் கணினி பழுது பார்க்கும் ரெனேயிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவள் நெடுநேரம் பார்த்துவிட்டு, “இதைவிட மோசமாவும் பாத்திருக்கேன்” என்றாள். உன் சித்தப்பாவிடம் டாக்டர் இதே வார்த்தையைச் சொன்னது நினைவிருக்கிறதா? அந்த வாரமே கல்லறைக்குப் போனோம். பூட்டைத் திறக்க வழியில்லை, முழுக்கத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டால்தான் கணினி பிழைக்கும், உள்ளே இருப்பது எதுவும் மிஞ்சாது என்றாள். துடைக்கக் கூடாது என்று நான் மல்லுக்கு நின்றேன். உன் அக்காளோ அமைதியாக, “துடைச்சிடும்மா” என்றாள். பாவம், அதிர்ச்சி. அன்றிலிருந்து அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தைரியமில்லை. எல்லாம் உன்னால்.

ஆகையால் கிறிஸ்துமஸுக்கு இந்தப் பக்கம் வந்துவிடாதே. உன் பங்குக் கொழகொழ லூட்டஃபிஸ்க் மீனை நாய்க்குப் போட்டாலும் போடுவேன். அதுவும் தின்னாது, அது வேறு விஷயம். ஆண்டவர் உனக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் புத்தியும் தரட்டும்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும்
ஆர்லின்

பின்குறிப்பு: அஞ்சல்தலை இருக்கிறதா என்று மேவிஸிடம் கேட்கப் போனேன், அவள் இதை வாங்கிப் படித்துவிட்டாள். “புஸ்தகம் எங்கேயும் போகலையே. ஒவ்வொரு அத்தியாயமும் முடிய முடிய டெல்மருக்கு அனுப்பிட்டேன். அவன் முழுக்கப் படிச்சு, பிழை எல்லாம் திருத்தி வச்சிருக்கான்” என்கிறாள். இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். “நீங்க ரெண்டு வருஷமா ஒரு பக்கம்கூடக் கேக்கலையே” என்றாள், கோபமே இல்லாமல். கிறிஸ்துமஸுக்கு வந்துவிடு டெல்மர். அதற்கு முன்னால் முதல் அத்தியாயத்தை மட்டுமாவது தபாலில் எனக்கு அனுப்பிவை. அவளிடம் கேட்டால் உன்னிடமிருந்து வரவழைத்துத் தருவாள். கேட்க எனக்கு முகமில்லை.