ஓட்டை சாரும் தனலட்சுமியும்

கள்ளக்குறிச்சியில் எந்த வீட்டில் எந்தப் பாத்திரம் ஒழுக ஆரம்பித்தாலும், அந்த வீட்டுக்காரருக்கு முன்னால் ஓட்டை சாருக்குத் தெரிந்துவிடும். மனுஷனுக்கு மூக்கு அப்படி. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் உத்தியோகம். சின்னசேலம் வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டால் நோட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் சொல்வார். அதில் வந்து இறங்கிய ஓட்டை அண்டாவைப் பற்றிக் கேட்டால் புரட்டாமலே சொல்வார். அப்பா அம்மா வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். அதை யாரும் உபயோகித்ததாகத் தெரியவில்லை.

நான் அப்போது தாலுகா ஆபீஸில் ஜூனியர் அசிஸ்டென்ட். கல்யாணமாகாத கட்டை. கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு வீட்டின் பின்போர்ஷனில் நான். முன்போர்ஷனில் வீட்டு ஓனர். மொட்டை மாடி ஒற்றை அறையில் ஓட்டை சார். மாடியில் மிச்சமிருந்த இடமெல்லாம் அவருடைய தோட்டம். தோட்டம் என்றதும் வரிசையாகப் பூந்தொட்டிகளைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். தொட்டியைக் கடையில் வாங்குவது அவர் சட்டப் புத்தகத்தில் ஜெயில் தண்டனைக்குரிய குற்றம்.

"தொட்டின்னா இன்னாபா? அடில ஒரு ஓட்ட. அவ்ளோதான? அத்த ஆண்டவன் எல்லார் வூட்லயும் ஓசில போட்டுக்கினு இருக்காரு. நீ எதுக்குக் கடைக்குப் போற?" என்பார்.

ஆகவே ஓட்டை குக்கரில் கத்தரி. பஸ் ஹெட்லைட் குழியில் புதினா. துணி போன குடைக் கம்பியில் அவரைக்கொடி. யாரோ இடித்த வீட்டிலிருந்து தோளில் தூக்கிவந்த கக்கூஸ் பீங்கானில் கொத்தமல்லி. அந்தக் கொத்தமல்லியைத் தெருவில் எல்லா வீட்டுக்கும் தாராளமாகக் கொடுப்பார். எல்லோரும் சிரித்த முகத்தோடு வாங்கி, அவர் தலை மறைந்ததும் மாட்டுக்குப் போடுவார்கள். மாடே கொஞ்சம் யோசித்துத்தான் சாப்பிடும். மண் மட்டும் உயர்ந்த ரகம். கல்வராயன் மலையிலிருந்து இலைமக்கு, சிமெண்ட் சாக்கில் வெள்ளிமலை பஸ்ஸில் வரும். கண்டக்டர் அதை ஜன்னலோர சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிவருவதாகக் கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு வீடாக நலம் விசாரிக்கக் கிளம்புவார். மனிதர்களை அல்ல.

"பச்ச பக்கெட்டு எப்பிடிம்மா இருக்குது?"

"நல்லாத்தான் சார் இருக்குது."

"அப்பிடியா..." என்று முகம் வாடித் திரும்புவார்.

இதோடு நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது. எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே மெஷின் வைத்துப் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டித் தருவார்கள் இல்லையா? ஓட்டை சார் கைக்கு வரும் பாத்திரத்தில் என்ன பெயர் இருக்கிறதோ, அதுதான் அதில் வளரும் செடிக்கும் பெயர். "கஸ்தூரிக்குப் பூச்சி வுழுந்துட்ச்சிபா. ஏழுமல காயே புடிக்க மாட்டன்றான்" என்று சாவகாசமாகப் பேசுவார். ஏன் சார் இப்படி என்று கேட்டேன்.

"பின்ன இன்னான்னு கூப்புடறது? கத்திரிக்கான்னா எட்டு செடி திரும்பிப் பாக்குது."

ஒரு சித்திரை மாதக் காலை. நான் குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டை சார் படிக்கட்டின் கீழ்ப்படியில், சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"தனலட்சுமி ரெண்டு நாளா வாடிக் கெடக்கிறாபா. வெயில் தாங்கல. இன்னிக்கி என் ரூம்லயே இட்டாந்து வெச்சிக்கலாம்னு இருக்கேன்."

அவருக்குப் பின்னால் சொம்போடு வந்து நின்றார் வீட்டு ஓனர். ரைஸ் மில்காரர், பெரிய மீசை. அவருடைய சம்சாரத்தின் பெயர் தனலட்சுமி. நான் கண் ஜாடை காட்டினேன். இருமினேன். பேஸ்ட் நுரை மூக்கில் ஏறியதுதான் மிச்சம்.

"ஓனருக்கு அவ அரும எங்க தெரிஞ்சிது? இனிமே ஒதவாதுன்னு தூக்கிப் போட்டாரு. நான் எடுத்து வெச்சிக்கினப்புறம்தான் தளதளன்னு ஆனா" என்றார் ஓட்டை சார்.

டமாரென்று சொம்பு கீழே விழுந்தது. அந்தச் சத்தத்துக்குத்தான் திரும்பினார் மனுஷன்.

"அடடா, நசுங்கிட்ச்சா? ஓட்ட எதுனா வுழுந்துதா பாருங்க!" என்றார் ஆவலாக.

ஓனருக்கு மீசை துடித்தது. "ஞாயித்திக்கெழம சாயந்தரத்துக்குள்ள மாடி காலியாவணும். ஒரு டப்பா இருக்கக் கூடாது. நீயும் இருக்கக் கூடாது!" என்று கத்திவிட்டுப் போனார். காரணம் சொல்லவில்லை. எந்தப் புருஷன் சொல்வான்?

மாடி பாரம் தாங்காது என்பதால்தான் கோபம் என்று ஓட்டை சார் தானாகவே முடிவு செய்துகொண்டார். நான் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம், எந்தெந்தச் செடி எத்தனை கிலோ என்று கணக்குச் சொன்னார். நான்கு நாள் வீடு தேடி அலைந்தார். தொண்ணூறு ஓட்டைப் பாத்திரங்களோடு வருகிறேன் என்றால் எவன் வீடு கொடுப்பான்? சனிக்கிழமை ஆபீஸ் விட்டு வந்து மாடிக்குப் போனேன். கஸ்தூரிக்கும் ஏழுமலைக்கும் நடுவில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"மலைக்கே போய்டலாமான்னு பாத்தேன்பா. அங்க மண்ணு ஜாஸ்தி. ஆனா ஓட்டப் பாத்திரத்துக்கு நான் எங்க போவேன்?"

சிரிப்பு வந்தது. ஆனால் இவரைக் கிண்டல் செய்யாமல் எனக்குப் பொழுது எப்படிப் போகும் என்று யோசித்துப் பார்த்தேன், பயமாகவே இருந்தது.

ஞாயிறு காலை ஓனர் வீட்டுக் கதவைத் தட்டினேன். 'அது உங்கள் சம்சாரம் இல்லை, பக்கெட்' என்று ஒரு புருஷனிடம் எப்படி ஆரம்பிப்பது?

"அண்ணே, ஒரே ஒரு தபா மேல வந்து தனலட்சுமியப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க" என்றேன்.

"யாரு, என்னியா?" என்று அடுப்படியிலிருந்து அந்தம்மாவும் கரண்டியோடு கிளம்பிவிட்டார்.

அறைக்குள் ஜன்னலோரம் ஓர் எவர்சில்வர் பக்கெட். அதில் தளதளவென்று ஜாதிமல்லி, கொத்துக் கொத்தாக மொட்டு. ஓனர் குனிந்து, விளிம்பில் புள்ளி புள்ளியாக இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். 'ச. தனலட்சுமி.' மீசை மெதுவாக இறங்கியது. சிரிக்கலாமா என்று அவர் யோசிப்பதற்குள் அந்தம்மா முந்திக்கொண்டார்.

"இது எங்கம்மா குடுத்த சீர் பக்கெட்டாச்சே! எவனோ திருடிகினு போய்ட்டான்னு சொன்னீங்க?"

"அது... அடி ஓட்ட ஆய்ட்ச்சி..."

"ஓட்ட ஆனா தூக்கிப் போட்ருவீங்களா? நாளைக்கி எனக்கு ஒடம்பு முடியலன்னா?" கரண்டி உயர்ந்தது. "சார், நீங்க எங்கியும் போவாதீங்க. ஒங்கள எவன் காலி பண்ணச் சொல்றான்னு நான் பாக்கறேன்!"

அன்றிலிருந்து அந்தம்மா தலையில் தினமும் ஜாதிமல்லி. ஓட்டை சாருக்குக் கடைசி வரை விஷயம் விளங்கவில்லை. "வெயிட்டு பிரச்சனய அந்தம்மாதான் தீத்து வெச்சாங்க" என்று பஸ் ஸ்டாண்ட் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறு வருடம் எனக்குச் சங்கராபுரத்துக்கு மாற்றல். மூட்டை கட்டும்போது வந்து, என் சாமான்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பிளாஸ்டிக் பக்கெட், பிளாஸ்டிக் மக்கு, ஓர் அலுமினியச் சட்டி.

"இன்னாபா, பேர் வெட்னது ஒண்ணுகூட இல்லியே?"

"கல்யாணம் ஆனா வரும் சார்."

"அதுக்குள்ள நீ போறியே" என்றவர் மாடிக்குப் போய்விட்டார்.

ஆறு மாதம் கழித்து வேறு வேலையாகக் கள்ளக்குறிச்சி போனவன் மாடியிலும் எட்டிப் பார்த்தேன். கஸ்தூரிக்குப் பக்கத்தில் பளபளவென்று ஒரு புது எவர்சில்வர் பக்கெட். விளிம்பில் புள்ளி புள்ளியாக, இனிஷியலோடு என் பெயர். சாய்த்துப் பார்த்தேன். அடியில் கச்சிதமாக ஓர் ஆணி ஓட்டை. ஜென்மத்தில் ஒரு தொட்டி வாங்காத மனுஷன்!

"நல்ல பாத்திரத்துல ஆணி வெக்கறதுக்குள்ள மூணு நாள் ஆய்ட்ச்சிபா" என்றார்.

"இன்னா செடி சார் இது?"

"பாவக்கா. ஒன் வாய்க்கு அதான் பொருத்தம்."

நான்கு காய் பறித்துக் கொடுத்தார். சங்கராபுரத்துக்குக் கொண்டுவந்து நானே வதக்கினேன். கசப்பு உச்சந்தலைக்கு ஏறியது. ஒரு வில்லைகூட மிச்சம் வைக்கவில்லை.