காதுக் கருவியைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும்

அன்பும் மரியாதையும் மிகுந்த மச்சானுக்கு,

இங்கே நானும் உங்கள் தங்கையும் நலம். அங்கும் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் ஆசையாக வாங்கித் தந்த காதுக் கருவியைத் தயவுசெய்து திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். மர மில்லில் ரம்பத்துக்குப் பக்கத்திலேயே காலத்தை ஓட்டியவன் நான். யார் என்ன சொன்னாலும் தலையாட்டினால் போதும், குடும்பம் நடந்தது. இப்போது ஃப்ரிட்ஜ் உறுமுகிறது, நாற்காலி முனகுகிறது, நான் பிஸ்கட் மெல்லும் சத்தத்தில் எனக்கே என் மேல் எரிச்சல் வருகிறது. காது டாக்டரம்மாவிடம் முறையிட்டால், "காது சும்மா கெடந்து சோம்பேறியாயிடுச்சு சார், மறுபடி பழக்கணும்" என்கிறார். இந்த வயதில் எனக்கு வீட்டுப்பாடம்! கண்ணை மூடிக்கொண்டு என்ன சத்தம் என்று சொல்ல வேண்டுமாம். குழாய் சொட்டுவதைக் கடிகாரம் என்றேன், மழையை மிக்சி என்றேன். அடுத்து, உங்கள் தங்கை வாயை மறைத்துக்கொண்டு செய்தித்தாள் வாசிக்க, நான் திருப்பிச் சொல்ல வேண்டும். இத்தனை வருடமும் அவள் உதட்டைப் பார்த்துத்தான் ஒப்பேற்றியிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் வெட்டவெளிச்சமானது. "வெங்காய வெலையக்கூட ஒழுங்கா சொல்ல வரலையே" என்று அவள் கத்த, "கத்தாத, இப்ப கேக்குது" என்று நான் கத்த, பக்கத்து வீட்டுக்காரர் பஞ்சாயத்துக்கு வந்துவிட்டார்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன் மச்சான். முன்பெல்லாம் சாயங்காலம் அவள் எதிரில் உட்கார்ந்து, குனிந்து காய் நறுக்கியபடி தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருப்பாள். உதடும் தெரியாது, ஒன்றும் கேட்காது, நானும் தலையாட்டிக்கொண்டிருப்பேன். கருவி வந்த நாளோடு அந்தப் பேச்சு நின்றுபோய்விட்டது. "ஏன் பேச மாட்டேங்கற?" என்று கேட்டேன்.

"இப்பதான் உங்களுக்குக் கேக்குதே" என்றாள்.

எனக்கு அலுத்துவிட்டது. வீட்டில் யாரும் பேசாததைக் கேட்க ஒரு கருவி எதற்கு? அடுத்த முறை வரும்போது எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள். மாத்திரையை மறக்காமல் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் கருவியைக் கழற்றி டப்பாவில் வைத்தேன். பார்த்துக்கொண்டிருந்தவள் பீன்ஸும் கத்தியுமாக எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டாள். குனிந்தபடி பேசினாள், பேசினாள், அப்படிப் பேசினாள். நடுவில் ஒரு தடவை சிரித்தாள். அப்புறம் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பீன்ஸ் நறுக்கினால் கண்ணீர் வராது மச்சான். எனக்குத் தலையாட்டத்தான் தெரிந்தது. மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள், கருவி இங்கேயே இருக்கட்டும். வரும்போது பேட்டரி இரண்டு அட்டையும், காதை நன்றாக மூடுகிற மாதிரி ஒரு கம்பளித் தொப்பியும் வாங்கி வாருங்கள். இங்கே குளிரெல்லாம் ஒன்றுமில்லை.