இடைவேளைக்குப் பிறகு வெடித்த குண்டு

படம் ஓடும்போது பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கும் ஆகாது. ஆனால் நான் பேசுவதைப் பேச்சு என்று சொல்லக்கூடாது. அது விமர்சனம். (இந்த வித்தியாசம் முன்வரிசைக்காரர்களுக்குப் புரிவதில்லை. திரும்பித் திரும்பி முறைப்பார்கள்.)

அதிலும் இப்போது வரிசைகட்டி வருகிற போர்ப் படங்களும் வாழ்க்கை வரலாற்றுப் படங்களும் என்றால் என் வாயை யாராலும் கட்ட முடியாது. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் டிசைன் செய்வது என் வேலை. டாங்கி, பீரங்கி, துப்பாக்கி ஏந்திய வீரன் என்று சீசனுக்குச் சீசன் வரைந்து தள்ளியிருக்கிறேன். அதனால் ராணுவ விஷயத்தில் எனக்கு ஒரு தனி ஞானம் இருப்பதாக நானே முடிவு செய்திருந்தேன்.

வாழ்க்கை வரலாற்றுப் படம் எடுக்கிறவர்கள் கதாநாயகனைத் தப்பே செய்ய விடுவதில்லை என்பது என் குறை. அதிகபட்சம் வீட்டுக்கு லேட்டாக வருவார். மனைவி காபியோடு வாசலில் நிற்பார், கோபித்துக்கொள்வார், அடுத்த பாட்டில் சமாதானமாகிவிடுவார். கடைசியில் நிஜ மனிதரின் போட்டோக்களைக் காட்டும்போதுதான், அடடா, இவரைப் பற்றி ஒரு படம் எடுத்திருக்கலாமே என்று தோன்றும். போர்ப் படத்தில் எவனாவது "லீவுல போய் கல்யாணம்" என்று சொன்னால் அவன் இடைவேளையைத் தாண்ட மாட்டான். எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இன்னொன்று. பின்னால் குண்டு வெடிக்க, கதாநாயகன் திரும்பிப் பார்க்காமல் நடந்து வருகிறான். எங்கள் பக்கத்தில் வெடிக்கு முதுகைக் காட்டி நடக்கிற ஒரு மனிதனை நான் பார்த்ததில்லை.

இத்தனை கருத்துகளையும் வைத்துக்கொண்டு நான் வருங்கால மாமனாரோடு படத்துக்குப் போனேன்.

செல்விக்கும் எனக்கும் நிச்சயம் முடிந்திருந்தது. தை மாதம் கல்யாணம். செல்வியின் அப்பா வேன் ஓட்டுகிறவர். காலையில் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசு யூனிட்டுகளுக்கு வேலைக்குப் பெண்களை ஏற்றிப்போய் இறக்கிவிட்டால் சாயங்காலம் வரை அவருக்கு ஓய்வுதான். அந்த வேனில் முன்சீட்டில் போகிறவர் அவர் மனைவி, அதாவது என் அத்தை. அன்றைக்கு ஊரில் பராமரிப்புக்காக மின்தடை என்பதால் எங்கள் அச்சகத்துக்கும் லீவு. தியேட்டரில் ஜெனரேட்டர் உண்டு. மாமாவே கூப்பிட்டார்.

"பதினோரு மணி ஆட்டத்துக்குப் போவமா மாப்ளே? ஏதோ மிலிட்டரி ஆபீசரோட கதையாம். நீங்க சினிமாவுல பெரிய ஆளுன்னு செல்வி சொல்லுது."

பெரிய ஆள் என்று சொன்னபின் சும்மா இருக்க முடியுமா? இடைவேளை வரை விளக்கிக்கொண்டே இருந்தேன். "இது கிராபிக்ஸ் மாமா." "அந்தத் துப்பாக்கி அந்தக் காலத்துல கிடையாது மாமா." மாமா மரியாதைக்கு "அப்படியா, அப்படியா" என்றார். கூட வந்திருந்த செல்வி என் கையைக் கிள்ளினாள். (காதல் என்று நினைத்துக்கொண்டேன்.)

இடைவேளை முடிந்தது. திரையில் ஆபீசர் எல்லையிலிருந்து மனைவியோடு போனில் பேச ஆரம்பித்தார்.

"இது சவ்வு மாமா. பத்து நிமிஷம் இழுப்பாங்க. நீங்க பாருங்க, நான் வந்துருறேன்" என்று கழிவறைக்குப் போனேன்.

நான் நின்றுகொண்டிருந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. 'டம்' என்று காதில் விழுந்த சத்தமில்லை, நெஞ்சில் விழுந்தது. சுவர் அதிர்ந்தது, மேலே தகரம் தடதடத்தது. எங்கள் ஊரில் இப்படி ஒரு சத்தம் கேட்டால் யாரும் யோசிப்பதில்லை. கால் தானாக வாசலுக்கு ஓடும், கண் புகையைத் தேடும், கை போனை எடுக்கும். என் கால் மட்டும் தியேட்டருக்குள் ஓடியது. செல்வியும் மாமாவும் உள்ளே இருந்தார்களே. (கை போனையும் எடுக்கவில்லை. பேண்டைப் பிடித்துக்கொண்டிருந்தது.)

கதவைத் தள்ளினால் உள்ளே கும்மிருட்டு. திரை கறுத்துக் கிடந்தது. துளிச் சத்தமில்லை. எனக்குச் சந்தேகமே போய்விட்டது.

"வெடிச்சிருச்சு! எல்லாரும் வெளிய வாங்க! வெடிச்சிருச்சு!"

வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். படத்தில் குண்டு வெடித்ததைக் கண்ணால் பார்த்தவர்கள்தான் எல்லோரும். ஆனால் வெளியிலிருந்து ஒருவன் அவிழ்ந்த பெல்ட்டோடு ஓடிவந்து கத்துகிறான் என்றால் வெளியில்தானே வெடித்திருக்கவேண்டும்? அரங்கம் எழுந்தது. யாரும் யாரையும் தள்ளவில்லை. கண்மூடித் திறப்பதற்குள் தெருவில் நின்றார்கள். எல்லோர் தலையும் வானத்தைப் பார்த்தது.

"எந்தப் பக்கம்லே?"

"மேக்கயா, தெக்கயா?"

"அந்தா புகை!" என்று ஒருவர் கத்தினார்.

"ஏலே, அது நம்ம தியேட்டர் ஜெனரேட்டர்ப் புகைலே."

மாமா அத்தைக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யூனிட்டுக்குள் போனுக்கு அனுமதியில்லை, காலையிலேயே கேட்டில் கொடுத்துவிட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அடித்தார். வாட்ச்மேனுக்கு அடித்தார், லைன் பிஸி. தெருவில் பாதிப் பேர் அவரவர் வாட்ச்மேனுக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். மாமாவின் முகத்தில் ரத்தமே இல்லை. காலையில் அத்தனை பேரையும் இறக்கிவிட்டு வந்தவர் அவர்தான். சட்டைப்பையில் இருந்த வேன் சாவியை வேறெங்கோ தேடினார். "அப்பா, நானும் வாறேன்" என்று செல்வி அழுதாள்.

வேன் கதவைத் திறந்தவர் சட்டென்று நின்றார்.

"மாப்ளே, சத்தம் எங்கன இருந்து வந்துச்சு?"

"நான் பாத்ரூம்ல இருந்தேன் மாமா."

"பாத்ரூம்ல எந்தப் பக்கம்?"

"சுவத்துப் பக்கம்."

"அந்தச் சுவத்துக்கு அங்கிட்டு என்ன இருக்கு?"

நான் யோசித்தேன். தெருவே என்னோடு சேர்ந்து யோசித்தது.

"ஸ்கிரீன் மாமா" என்றேன்.

அந்த நேரம் பார்த்துத் தியேட்டர் மேனேஜர் வெளியே வந்தார். "என்னங்க, படம் ஓடுது, ஆளைக் காணோம்?"

அதன்பிறகு என்னைத் திட்டியவர்களின் சொற்களை இங்கே எழுத முடியாது. ஒருவர் என் அச்சகத்தின் பெயரைக் கேட்டார். ஆனால் மாமா திட்டவில்லை, சிரிக்கவுமில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு வேன் படியிலேயே உட்கார்ந்திருந்தார். படத்தில்தான் வெடித்தது என்று புத்திக்குத் தெரிகிறது, மனசு ஒரு குரலைக் கேட்காமல் அடங்காது. நானும் செல்வியும் பக்கத்தில் நின்றோம். கல்யாணம் நின்றாலும் பரவாயில்லை, அந்த போன் மட்டும் அடித்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். இருக்கன்குடி மாரியம்மனுக்கு மொட்டை போடுவதாகவே நேர்ந்துகொண்டேன்.

சாப்பாட்டு நேரத்துக்கு போன் அடித்தது. கேட்டில் போனை வாங்கிய அத்தைதான். மாமா ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ன, இத்தன தடவ அடிச்சிருக்கீக? படம் அம்புட்டு நல்லாவா இருக்கு?"

மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல. சும்மாதான். சாப்ட்டியா?"

"இதக் கேக்கவா அடிச்சீக? கிறுக்குப் பிடிச்சிருச்சா?"

அவ்வளவுதான். மாமா சிரித்தார், செல்வி சிரித்தாள், எங்களையே பார்த்துக்கொண்டிருந்த கூட்டமும் சிரித்தது. என் வாழ்க்கையில் அத்தனை நிம்மதியாக நான் அவமானப்பட்டதில்லை.

மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே குண்டு வெடிக்கும் இடத்திலிருந்து படத்தை மறுபடி ஓட்டினார். வெடித்ததும், நான் பார்த்த அதே மாதிரி, திரை கறுத்துச் சத்தம் அடங்கியபோது ஒருவரும் திரையைப் பார்க்கவில்லை, அரங்கமே என்னைப் பார்த்தது. அடுத்து ஆபீசரின் மனைவி போனை அடித்துக்கொண்டே இருந்தார், யாரும் எடுக்கவில்லை. காட்சி நீளம்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

கல்யாணம் நடந்தது, மொட்டைத் தலையோடு. (தாலி கட்டியதும் வெளியே சரவெடி போட்டார்கள். "கல்யாண வெடிதான், உக்காருங்க" என்றாள் செல்வி. மண்டபத்தில் அதற்குத்தான் அதிகச் சிரிப்பு.) இப்போது அத்தை தினமும் சாயங்காலம் வேனில் ஏறியதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கிறார். நான் எடுக்கக்கூடாது, மணி அடித்தால் போதும் என்று ஏற்பாடு. போன வாரம் கை தவறி எடுத்துவிட்டேன்.

"எதுக்கு எடுத்தீக மாப்ளே? சத்தம் கித்தம் கேட்டுச்சோ?" என்றார் அத்தை.

பின்னால் வேன் மொத்தமும் சிரித்தது. நான் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.